சாப்பிட்ட பின் மேஜர்

“நாய்கிட்ட உட்கார்ற பொண்ணுக்கு கெமிஸ்ட்ரி எதுக்கு?” அம்மா வேலை பார்த்த வீட்டு எஜமானி ஒருநாள் என் புத்தகத்தைப் பார்த்துக் கேட்டது இது. அவரை அம்மாவரு என்றுதான் கூப்பிடுவோம். போன வாரம், நான் பயிற்சிக்குப் போகிற கால்நடை கிளினிக்கில் ஒரு கிரேட் டேன் குட்டி ஊசி வலியை மறந்து என் தொடைமேல் சாய்ந்தது. உடனே அந்தக் குரல் காதுக்குள் வந்துவிட்டது.

சாய்வது அந்த இனத்தின் வழக்கம். எடை முழுவதையும் நம்மேல் இறக்கிவிட்டு நிம்மதியாக நிற்கும். பெயரில்தான் டென்மார்க், வளர்த்தவர்கள் ஜெர்மன்காரர்கள், காட்டுப்பன்றி வேட்டைக்கு. அம்மாவருவின் யாதவகிரி பங்களாவில் இருந்த கிரேட் டேன் மேஜருக்கு இந்தச் சரித்திரம் தெரியாது. தசரா யானைகளைச் சத்தத்துக்குப் பழக்கப் பீரங்கி வெடிக்கும் நாட்களில் என் துப்பட்டாவுக்குள் தலையைச் செருகிக்கொள்வான். மிச்ச உடம்பு கன்றுக்குட்டி அளவுக்கு வெளியே நின்று நடுங்கும்.

கோழியும் மஞ்சளும் வேகிற வாசனை இன்றும் எனக்குப் பசியைக் கிளப்பும். அது மேஜரின் சாப்பாடு. அம்மா சமைப்பாள், நான் வைப்பேன். என் வேலை அதற்குப் பிறகுதான். மார்புக்கூடு ஆழமான இந்த ராட்சத நாய்கள் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கினால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். இப்போது முன்கூட்டியே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடுகிறார்கள். குட்டியின் சொந்தக்காரரிடம் இதைச் சொன்னேன். “பெரிய டாக்டரைக் கேட்டுக்கறேம்மா” என்றார்.

அப்போது தையலெல்லாம் இல்லை, நான்தான். சாப்பிட்ட பின் அவன் எழுந்து ஓடாமல் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். என் மடியில் அவன் தலை, அவன் கழுத்தின்மேல் என் புத்தகம். பி.யூ.சி., அதாவது அங்கத்திய பிளஸ் டூ, முழுக்க அப்படித்தான் படித்தேன். பாதிப் பக்கங்களில் அவன் எச்சில். நான் சாப்பிட்டேனா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

கெமிஸ்ட்ரி பரீட்சைக்குக் கிளம்பும்போது, தின்றதும் கட்டிப்போடுங்கள் என்று அம்மாவருவிடம் சொன்னேன். தலையாட்டினார். பெங்களூரிலிருந்து வந்த விருந்தாளிகள் அவனைத் தோட்டத்தில் பந்துக்கு ஓடவிட்டிருக்கிறார்கள். நான் திரும்பியபோது வாந்தி வராமல் வெறும் நுரையாகக் குமட்டிக்கொண்டிருந்தான். வயிறு தவில்போல இருந்தது. வாயு என்று ஓமத்தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். காரோ விருந்தாளிகளோடு சாமுண்டி மலையில். ஆட்டோவில் முக்கால்வாசி மேஜர், மிச்சத்தில் நானும் அம்மாவும். ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்பே, என்மேல் சாய்ந்தபடி போய்விட்டான். ஏழெட்டு வயதிலேயே கிழடாகிற இனம் அது. அவனுக்கு நாலுதான்.

அம்மாவரு அழுதார், பிறகு அம்மாவிடம், “உன் மகளுக்குப் பரீட்சை பெரிசாப் போச்சு” என்றார்.

அம்மா மார்டள்ளி என்கிற மலையோரத் தமிழ்க் கிராமத்துக்காரி, குரல் உயர்த்தத் தெரியாதவள். “பெருசுதானுங்க. எங்க ஊட்டுல பரீட்சை எழுதுன மொத ஆளு என்ற புள்ளதானுங்க.”

மறுநாள் முதல் அம்மாவுக்கு அங்கே வேலை இல்லை. நாயைக் கொன்றவளின் தாய் என்று அம்மாவரு சொல்லி வைத்ததில் அந்தத் தெருவிலேயே வேலை கிடைக்கவில்லை. விருந்தாளிகளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பங்களா இப்போது இல்லை. அங்கே எழும்பிய அடுக்குமாடியின் கேட்டில், நாய் வளர்க்க அனுமதியில்லை என்று பலகை. மேஜரைப் புதைத்த மாமரத்தடியில் கார்கள் நிற்கின்றன.

அறுவைச் சிகிச்சையில் மேற்படிப்புக்கு பீதர் கால்நடைக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. பெங்களூரில் ரயில் மாறிவிட்டேன். மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.