அப்பாவின் மைக் செட்டில் இருந்த கோளாறு

எனக்கு ஒன்பது வயது நடந்த வருஷம் அப்பாவின் மைக் செட் கெட்டுப்போயிற்று. அடியோடு கெட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது அப்படிக் கெடவில்லை. வீட்டில் பாடும். விசேஷத்துக்குக் கொண்டுபோன இடத்தில் அரைமணி, முக்கால்மணி பாடிவிட்டுச் சட்டென்று அடங்கிவிடும். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் உள்ளே பல்பு மாதிரி இருக்கும் வால்வுகள் எரியாது. மறுநாள் காலையில் வீட்டில் வைத்துப் போட்டால், நேற்று ஒன்றுமே நடக்காதது போலப் பாட ஆரம்பிக்கும்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் தறி. அப்பாவும் தறிக்காரர் பிள்ளைதான். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே பட்டணத்துக்குப் போய் ஒரு ரேடியோ கடையில் இரண்டு வருஷம் இருந்து, தொழில் கற்றுக்கொண்டு திரும்பிவிட்டார். ஆம்பிளிஃபயரை அவர் விலைக்கு வாங்கவில்லை. தகரப்பெட்டி முதற்கொண்டு தானே செய்து, உள்ளே ஒவ்வொரு கம்பியையும் தன் கையால் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். எந்தக் கம்பெனி செட் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு முழுவதும் அப்பா யாரையும் திட்டமாட்டார்.

அவருக்குத் துணை மாமா. அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அம்மா கையில் வளர்ந்தவர். அம்மா கல்யாணமாகி வரும்போது சீர்வரிசையோடு தம்பியையும் கொண்டுவந்தாள் என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். செட்டைச் சைக்கிளில் கட்டி எடுத்துப்போவதும், மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவதும் மாமாவின் வேலை. அப்பா மைக்கோடு முன்னால் நிற்பார். மாமா செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரிக்கார்டு மாற்றிக்கொண்டிருப்பார்.

முதல் தடவை நின்றபோது அப்பா வால்வை மாற்றினார். இரண்டாம் தடவை மின்சாரம் வரும் ஒயரை மாற்றினார். மூன்றாம் தடவை டிரான்ஸ்ஃபார்மரையே கழற்றிப் புதிதாகச் சுற்றிக்கொண்டு வந்தார். கோளாறு எங்கே என்று தெரியாவிட்டால் ஒரு சமயத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் முறை என்பார். முறை தவறாமல்தான் செய்தார். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து வைத்துக் கால்மணி நேரம் ஓட்டிப் பார்ப்பார். பாடும். முகம் மலரும். அடுத்த விசேஷத்தில் மானம் போகும்.

வைகாசி கருடசேவைக்கு ஒரு தண்ணீர்ப் பந்தலில் எங்கள் செட் இருந்தது. கூட்டத்தில் காணாமல் போகும் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து விடுவார்கள். அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வெயில் ஏறிய பிறகு தென்னேரியிலிருந்து வந்த ஒரு பெண் தன் பையனைக் காணோம் என்று அழுதுகொண்டே வந்தாள். அப்பா அவன் போட்டிருந்த சட்டையின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே செட் நின்றுபோனது. அவள் அதற்குப் பிறகும் மைக்கைப் பிடித்துக்கொண்டு பையன் பெயரைக் கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த எங்களுக்கு மட்டும்தான் அது கேட்டது. பையன் மத்தியானத்துக்கு மேல் கிடைத்துவிட்டான். ஆனால் அந்த இரண்டு மூன்று மணி நேரமும் ஜனங்கள் அப்பாவைப் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை அவர் மறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். எழுந்ததும் அம்மாவைக் கேட்டார்.

"எப்ப நின்னாலும் உன் தம்பிதான் கிட்ட இருக்கான். கவனிச்சியா?"

அம்மாவுக்குப் புரியவில்லை. புரியாதது போல இருந்தாளோ என்னவோ.

எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. மாற்றாமல் மிச்சம் இருந்தது மாமா மட்டும். ஆனி மாதம் எங்கள் தெருவிலேயே ஒரு கல்யாணத்துக்குச் செட் போட்டார்கள். அன்று அப்பா செட்டின் பின்மூடியைக் கழற்றிவைத்து, வால்வுகளைப் பார்த்தபடி தானே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மாமாவை ஏதேதோ சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தார். இரண்டு மணி நேரம் செட் ஒரு கரகரப்பு இல்லாமல் பாடியது. தாலி கட்டி முடிந்தது. மாமா திரும்பி வந்தார். அப்பா மூடியை மாட்டி, திருகாணியை இறுக்கி, "உட்காரு" என்று தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பந்திப் பக்கம் போனார். பந்தி முடிவதற்குள் செட் நின்றது.

அப்பா ஓடி வரவில்லை. நிதானமாக நடந்து வந்தார். அவர் இதைத்தான் எதிர்பார்த்திருந்தார்.

"எந்தக் கம்பியைடா புடுங்கினே?"

"நான் தொடலை மாமா. ரிக்கார்டு மாத்திக்கினு இருந்தேன், தானா நின்னுபோச்சு." அக்கா புருஷனை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"என் கிட்ட ரெண்டு மணி நேரம் ஓடுது. உன் கிட்ட அரைமணி ஓட மாட்டேங்குது. செட்டுக்கு உன் மேல இன்னாடா கோவம்?"

ஊரில் இன்னொரு மைக் செட்டுக்காரர் இருந்தார். அவரோடு மாமா டீ குடித்துக்கொண்டிருந்ததை அப்பா பார்த்திருக்கிறார். அதையும் எல்லார் முன்னாலும் சொன்னார். சொல்லிக்கொண்டே மாமாவின் சட்டைப் பையில் கையை விட்டு இழுத்தார். பை கிழிந்து ஒரு சிறிய திருப்புளி கீழே விழுந்தது. செட் வேலைக்காக அப்பாவே வாங்கிக் கொடுத்த திருப்புளி அது. அந்த நேரத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

மாமா கூட்டத்தில் அம்மாவைத் தேடினார். பெண்களுக்கு நடுவே வெற்றிலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நீயாவது சொல்லுக்கா. நான் அப்பிடி செய்வனா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "இங்க வேணாம்பா, வீட்டுக்குப் போயி பேசிக்கலாம்" என்றாள். மாமா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அவள் வேறு ஏதாவது சொல்வாள் என்று நினைத்திருப்பார். பிறகு கிழிந்த பையைக் கையால் பொத்திக்கொண்டு தெருமுனைப் பக்கம் நடந்தார். வீட்டுக்கு வரவே இல்லை. துணிமணிகூட எடுத்துப்போகவில்லை. பெங்களூர் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாகக் கூரம் கிராமத்துக்காரர் ஒருவர் ஒரு மாதம் கழித்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு செட் ஒழுங்காக ஓடியது. அதுதான் கொடுமை. மழைக்காலம் வந்துவிட்டது. பிறகு மார்கழிக் குளிர். வேறு யாராவது கை வைப்பார்களோ என்று அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டதால் போகிற இடத்திலெல்லாம் மூடியைத் திறந்துவைத்தே ஓட்டினார். ஒரு விசேஷத்திலும் நிற்கவில்லை. "பாத்தியா?" என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா மாமாவின் சட்டைகளைத் துவைத்து மடித்து வைப்பாள். யாரும் போடாத சட்டையை ஏன் துவைக்கிறாள் என்று எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

பங்குனி பிறந்து வெயில் கொளுத்த ஆரம்பித்த ஒரு மத்தியானம், அப்பா வீட்டுக் கூடத்தில் மூடி போட்டபடியே செட்டை ஓடவிட்டு, மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ரிக்கார்டின் சுழற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செட் நின்றது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன். "நான் ஒண்ணும் பண்ணலைப்பா" என்றேன். அவர் மூடியைக் கழற்றினார். ஒரு மூங்கில் குச்சியை எடுத்து உள்ளே ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் குச்சி பட்டதும் வால்வுகள் சிவந்தன. சற்றுப் பொறுத்துப் பாட்டும் வந்தது. குச்சியை எடுத்தார். அடங்கிவிட்டது. மறுபடி வைத்தார். எரிந்தது. எடுத்தார். அணைந்தது. நான் கை தட்டினேன்.

"இன்னாப்பா அது?"

"ஈயப் பத்து விட்டிருக்குது. மூடி போட்டிருந்தா சூடு ஏறி விலகுது, ஆறினா ஒட்டிக்குது" என்றார். என்னிடம் சொன்னது போலத் தெரியவில்லை. "நான் வெச்ச பத்து" என்றார், மெதுவாக.

நான் அடுப்படிக்கு ஓடினேன். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்டுபிடித்துவிட்டார், உள்ளே ஒரு பற்று விட்டிருக்கிறது, சூட்டில் விலகுகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா பானையைக் கீழே வைத்தாள்.

"மனுஷன் கை பட்டு விட்டுச்சா, தானா விட்டுச்சா? கேட்டுக்கினு வா."

ஓடிப்போய்க் கேட்டேன். அப்பா குச்சியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"தானா" என்றார்.

பரிசு வாங்கியவள் போலக் கத்திக்கொண்டே அடுப்படிக்கு வந்து சொன்னேன். அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கூடத்திலிருந்து அப்பா எழுந்து வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

பின்னால் அப்பா மூன்று தடவை பெங்களூர் போய், தறி ஓடுகிற தெருக்களிலெல்லாம் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். யாரும் மாமாவைப் பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், இத்தனை நாள் பிடிபடாமல் இருந்த கோளாறு பிடிபட்டுவிட்டது என்பதுதான். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இரண்டு பேரும் இப்படி இருக்கிறார்களே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அவர்கள் சொல்லாவிட்டால் என்ன என்று நானே தெருவில் இறங்கி, கல்யாணத்துக்கு வந்திருந்தவர்கள் வீடு ஒன்று விடாமல் ஏறிச் சொன்னேன். எங்கள் செட்டை யாரும் கெடுக்கவில்லை, பற்று தானாகவே விட்டிருந்தது, அப்பாவே சொன்னார் என்று. நான் போன வீடுகளில் எல்லாம் ஒவ்வொரு தறியாக நின்றது. என் பேச்சைக் கேட்பதற்காக நிறுத்துகிறார்கள் என்று நினைத்து, அடுத்த வீட்டில் இன்னும் உரக்கச் சொன்னேன்.