லெக்கிக்கு எதிரே வெறுங்கட்டம்

அடிமட்டம் வைத்து நானே கோடு போட்ட பக்கம் அது. இடப்பக்கம் லிங்கால மொழியில் ஓர் உறவுச்சொல், வலப்பக்கம் அதற்குரிய தமிழ். பதினொரு வரிகளில் பத்துக்குத் தமிழ் இருக்கிறது. ‘லெக்கி’ என்ற சொல்லுக்கு எதிரே மட்டும் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. தொண்ணூறுகளின் நடுவில், நியூசிலாந்தின் மனுகாவில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிய நாட்களில் எழுதியது.

எதிர் மேசையில் நின்றவள் கொங்கோவிலிருந்து தனியே வந்தவள். எங்கள் இருவரின் அரைகுறை ஆங்கிலத்தில், மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு நாளைக்கு ஒரு சொல் தருவாள். மொனிங்கா என்றால் நண்பன். நோக்கோ என்றால் தாய்மாமன். நான் சொல்லை மட்டுமே கேட்டேன். அவளோ ஒவ்வொரு சொல்லோடும் ஓர் ஆளைக் கூட்டி வந்தாள். நோக்கோ வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே வீட்டில் கோழி அடிபட்டுவிடும் என்பாள். உச்சரிப்பில் விட்டுக்கொடுக்க மாட்டாள். “நீ ஒட்டுகிற சீட்டு மாதிரி நேராக இருக்கிறது, உயிர்தான் இல்லை. திரும்பச் சொல்லு!”

யாயா என்றால் மூத்த உடன்பிறப்பு. அங்கேயும் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லையாம். அன்றிலிருந்து நான் அவளுக்கு யாயா. இளையவருக்குச் சொல் லெக்கி. “இந்த ஊரில் என்னை லெக்கி என்று கூப்பிட ஒருத்தருமில்லை, யாயா” என்றாள், பாண் துண்டைப் பிய்த்தபடி, என்னைப் பார்க்காமல். அவள் கேட்டது எனக்கு விளங்கியது. ஆனால் என் தங்கச்சியிடமிருந்து அப்போது பதினான்கு மாதமாகக் கடிதம் இல்லை. போரில் இடம்பெயர்ந்தவர்களோடு வன்னிக்குப் போனாள் என்பது மட்டும் தெரியும். இன்னொருத்தியை அந்த முறை சொல்லி அழைத்தால், தங்கச்சியின் இடத்தை நானே எடுத்துக் கொடுத்ததாகிவிடும் என்று பயந்தேன். மனைவியிடம் சொன்னபோது ஏசினாள். “இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளை வாய் நிறைய அண்ணை எண்டு கூப்பிடுது. நீங்கள் ஒருக்காத் தங்கச்சி எண்டால் என்ன, கொப்பியில இடம் முடிஞ்சு போயிடுமோ?” அடுத்த வாரம் சொல்ல வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதினேன். அதற்கடுத்த வாரமும் அதையே எழுதியிருக்கிறேன்.

பிறகு அவளுக்கு வெலிங்டனில் தூரத்து உறவு ஒன்று கிடைத்தது. கடைசி நாள், தூறலில், பஸ் தரிப்பிடத்தில் நின்று “யாயா” என்றாள். பதிலுக்குக் காத்து நின்றாள். “கவனமாகப் போ” என்றேன் நான். பஸ் வந்துவிட்டது. அவள் தந்த முகவரிக்குப் போட்ட இரண்டு கடிதங்களும் திரும்பி வந்தன.

தங்கச்சி உயிரோடுதான் இருந்தாள். இப்போது ஞாயிறுதோறும் தொலைபேசியில் கதைக்கிறோம். போன ஞாயிறு அந்தக் கொங்கோக்காரியைப் பற்றி முதல்முறையாகச் சொன்னேன். “கூப்பிட்டிருக்கலாமே அண்ணை. நான் என்ன, கோவிச்சிருப்பனே?” என்றாள்.

இன்று காலை அந்தப் பக்கத்தை எடுத்து, வெறுங்கட்டத்தில் ‘தங்கச்சி’ என்று எழுதினேன். மையின் நிறம் பொருந்தவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, யாருமில்லாத அறையில் ஒருமுறை வாய்விட்டு “லெக்கி” என்றேன். உச்சரிப்பில் பிழை இல்லை.