ஜப்பான் ரயிலில் பூண்டு வாசம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பம்பாய் செம்பூரில் எங்கள் பில்டிங் மொட்டை மாடியில் வெள்ளையாக யாரோ நிற்பதாகப் புரளி கிளம்பியபோது, நேரே போய்ப் பார்த்து, அது வாட்ச்மேன் காயப்போட்ட வேட்டி என்று கண்டுபிடித்தவளும் நான்தான். அப்படிப்பட்டவள் சொல்கிறாளே என்றாவது கொஞ்சம் காது கொடுங்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

பதினோராம் வகுப்பு முடிந்த லீவில், மாணவர்களைக் குழுவாக வெளிநாடு கூட்டிப்போகிறவர்களோடு ஜப்பான் போகப் பெயர் கொடுத்தேன். அதுவரை நான் பார்த்த வெளியூர் என்றால் திருநெல்வேலி மட்டும்தான். அப்பாவுக்கு மனசே இல்லை. "பொட்டப்பிள்ள அங்க போயித் தொலைஞ்சா யாரு தேடுவா?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். அம்மா விடவில்லை. "எம் மவ தொலைய மாட்டா. அதுக்கு நான் பொறுப்பு" என்று ஒரே போடாகப் போட்டாள். அந்த வார்த்தையைக் காப்பாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது.

இங்கே பாக்கியம் அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொந்த அத்தை இல்லை, அம்மாவின் ரயில் சிநேகிதி. அம்மா வாஷியில் ஒரு ஆபீஸுக்குப் போகிறாள், செம்பூரில் ஏறியதும் பக்கத்தில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவிடுவாள், அடுத்த ஸ்டேஷன் கோவண்டியில் ஏறும் அத்தைக்காக. அத்தைக்கும் வாஷியில்தான் வேலை, ஒரு கேண்டீனில் சமையல். உட்கார்ந்ததும் மடியில் பையை விரித்துப் பூண்டு உரிக்க ஆரம்பிப்பாள். வாய் ஊர்க்கதை பேசும், கண் ஏறுகிற ஒவ்வொருத்தரையும் அளக்கும். "எங்க எறங்கணும்?" இதுதான் எல்லாரிடமும் அவள் கேட்கிற முதல் கேள்வி. பம்பாய் லோக்கலில் அது நலம் விசாரிக்கிற மாதிரி, இறங்குகிறவர் முன்னாடியே கதவுப் பக்கம் போய் நிற்காவிட்டால் கூட்டம் விடாதே. பராக்குப் பார்த்து நிற்கிற பிள்ளைகளைத் தோளைப் பிடித்துத் தள்ளியே இறக்கிவிடுவாள். நானும் அந்தத் தள்ளு வாங்கி வளர்ந்தவள்தான்.

ஜப்பானில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, கடைசி நாள் வரைக்கும். அன்று சாயங்காலம் விமானம். மதியம் ஒரு கோயில் பார்க்க ரயில் ஏறப் போனோம். எங்களைக் கூட்டிப்போன குல்கர்ணி மேடம் எல்லாரையும் பிளாட்பாரத்தில் போட்டிருந்த கோட்டுக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தியிருந்தார். ரயில் வந்தது, கதவு திறந்தது. அவ்வளவுதான், என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. செம்பூர் கால் இல்லையா! இறங்குகிறவர்களுக்கு இடையில் புகுந்து, ஓடி, காலியாக இருந்த ஒரே இடத்தைப் பிடித்து, வெற்றியோடு திரும்பிப் பார்த்தால் கதவு மூடிக்கொண்டிருக்கிறது. வெளியே மேடம் வாயைப் பிளந்து நிற்கிறார். அது எங்கள் ரயிலே இல்லை.

என் போனில் அந்த ஊர் சிம் இல்லை, ஹோட்டல் வைஃபையை நம்பியே வண்டி ஓட்டியிருந்தேன். பாஸ்போர்ட் மேடத்தின் பையில். ரயில் ஸ்டேஷன்களை மதிக்காமல் பறந்தது. அத்தனை கூட்டத்தில் ஒரு பேச்சுக் குரல் இல்லை, இருமல்கூட இல்லை, எல்லாரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது. ரயில் வேகம் குறைந்தபோதும் நான் எழுந்திருக்கவில்லை. கடைசி ஸ்டேஷன்வரை போய் இதே வண்டியில் திரும்பிவிடலாம் என்று ஒரு அசட்டுக் கணக்கு. விமானம் போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அப்பாவின் முகமும் அம்மாவின் முகமும் மாறி மாறி வந்தன.

அப்போதுதான் என் காதுக்குப் பின்னால் கேட்டது. "ஏட்டி, எங்க எறங்கணும்?"

தெரியாது என்று தமிழிலேயே சொன்னேன்.

"தெரியலன்னா இங்க எறங்கு. அடுத்து நிக்காது. கேட் பக்கம் வா, சீக்கிரம்."

தோளில் ஒரு கை விழுந்தது. ஈரக் கை. என்னை எழுப்பி, கூட்டத்துக்குள் நெம்பித் தள்ளி, பிளாட்பாரத்தில் கொண்டுபோய் விட்டது. திரும்புவதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் அந்த ஊர் முகங்கள்தான், ஒருத்தர்கூட என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த வண்டியில் மேடம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நான் ஏறியது எக்ஸ்பிரஸாம், அந்த ஸ்டேஷனை விட்டால் வேறு ஊரில் போய்த்தான் நிற்குமாம், விமானத்தை மறந்துவிட வேண்டியதுதானாம். திட்டி முடித்துக் கட்டிப்பிடித்தவர், மூக்கைச் சுளித்து, "உன் ஜாக்கெட்டில் என்ன இப்படிப் பூண்டு வாசம்?" என்று கேட்டார்.

நடந்ததை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று மேடத்தின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவரும் சொல்லவில்லை. நானும் மூச்சு விடவில்லை.

வீடு வந்து பெட்டியைப் பிரிக்கும்போது அம்மாதான் கதையோடு கதையாகச் சொன்னாள். "நீ ஜப்பான்லருந்து கெளம்புற அன்னைக்குக் காலையில நம்ம பாக்கியம் தூங்கிட்டா, தெரியுமா? அவ வண்டியில தூங்கி நான் பாத்ததே இல்ல. பூண்டக் கையில வச்சுக்கிட்டு ஏக்தம் மரக்கட்ட மாதிரி. வாஷி வந்தாச்சு, உலுக்குறேன், எந்திரிக்கவே இல்ல. அடுத்த ஸ்டேஷன் சான்பாடாவுல போயித்தான் முழிச்சிருக்கா."

இங்கே காலை என்றால் அங்கே மதியம். கையிலிருந்த துணி அப்படியே நழுவியது.

லீவு முடிவதற்குள் ஒருநாள் அம்மாவோடு ரயிலில் போய் அத்தைக்கு ஜப்பான் சாக்லேட் கொடுத்தேன். அம்மா பக்கத்தில் இருந்தவளோடு பேச்சில் இருந்தாள். அத்தை சாக்லேட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டாள். "ஏட்டி, அந்த ரயில்ல ஏன் ஒருத்தரும் பேசவே மாட்டேங்காவ?"

"எந்த ரயில், அத்தை?" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நான் என்னமும் கேட்டனா?" என்று சொல்லிவிட்டுப் பூண்டு உரிக்கத் தொடங்கிவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ரயிலைப் பற்றி நான் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

இப்போது நானும் அதே வண்டியில்தான் காலேஜ் போகிறேன். அத்தைக்கு ஜன்னல் ஓரம் விட்டுக்கொடுத்துவிடுவேன். அந்த நன்றியை வேறு எப்படித் தீர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எப்போதாவது அபூர்வமாக, உரித்த பூண்டு கையிலிருக்க, அவள் தலை சாயும். அம்மா பதறி எழுப்பப் போவாள். நான் கையைப் பிடித்துத் தடுத்துவிடுவேன்.

"விடும்மா. சான்பாடா போனா திரும்பி வந்துக்கலாம். யாரு புள்ளய எறக்கிவிடப் போயிருக்காளோ."