ஊர்ப்பொதுன்னா யாருக்குப் பொது?

போன மாதம் என் அக்கா மகள் கோமதிக்கு ஒரு ஈமெயில் வந்தது. விஷயம் என்ன தெரியுமா? அவள் எழுதியதை அவளே திருடிவிட்டாளாம்!

சிரிக்காதீர்கள். அன்றைக்கு வந்த கோபத்தில் நான் காலை காபியைக்கூடத் தொடவில்லை. இதை எழுதும்போதும் — சரியாகச் சொன்னால், பேசும்போதும் — அது அடங்கினபாடில்லை.

பேசும்போதா? ஆமாம். இந்தப் பத்தியை நான் கையால் எழுதி ரொம்ப நாளாகிறது. விரல் மூட்டெல்லாம் வலி. போனை எதிரில் வைத்துக்கொண்டு பேசுவேன், அது எழுதிக்கொள்ளும். ஆனால் நான் பேசுவது திருக்கோவிலூர்த் தமிழ் ஆயிற்றே! 'வூட்டுக்குப் போய்க்கினு இருந்தேன்' என்று சொன்னால், கடையில் வாங்கின போன் 'ஊட்டிக்குப் பொய் கிணறு இருந்தேன்' என்று எழுதும். தலையில் அடித்துக்கொள்வேன்.

இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத்தான் கோமதி அந்த வேலையை ஆரம்பித்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள். அவளும், இணையத்தில் அவளுக்குப் பழக்கமான நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பத்துப் பேரும் சேர்ந்து ஒரு 'லைப்ரரி' எழுதினார்கள். புத்தக அலமாரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆப் தயாரிக்கிறவர்கள் எடுத்துத் தங்கள் ஆப்பில் பொருத்திக்கொள்ளும் ஒரு புரோகிராம் துண்டு, அவ்வளவுதான். அது இணையத்தில் எல்லோரும் பார்க்கத் திறந்து கிடக்கும். தப்பு இருந்தால் யாரும் திருத்தி அனுப்பலாம். யாருக்கும் சம்பளம் கிடையாது.

நம் பேச்சைக் கேட்டு, அதை எழுத்துத் தமிழாக மாற்றித் தருவதுதான் அதன் வேலை. பெயர் 'இன்னா'. வேறென்ன வைப்பார்கள்?

நன்றாக வேலை செய்தது. இந்தப் பத்தியே அதன் தயவில்தான் உங்கள் கைக்கு வருகிறது. கல்வராயன் மலையில் ஒரு இ-சேவை மையத்தில், மனு கொடுக்க வருகிறவர்கள் வாயால் சொல்லச் சொல்ல 'இன்னா' எழுதுகிறது என்று கேள்விப்பட்டபோது, கோமதி எனக்கு போன் போட்டு அழுதாள். சந்தோஷ அழுகை.

அதற்குப் பிறகுதான் சென்னையில் ஒரு கம்பெனி காசுக்கு ஒரு ஆப் விட்டது. உங்கள் வட்டாரத் தமிழைப் புரிந்துகொள்ளும் ஆப் என்று விளம்பரம். உள்ளே இருந்தது யார்? 'இன்னா'தான்! எழுதின பதினோரு பேரின் பெயரையும் துடைத்துவிட்டுத் தங்கள் முத்திரையைக் குத்தியிருந்தார்கள். அதோடு விட்டார்களா? 'இன்னா' இருக்கிற இணையதளத்துக்கே ஒரு புகார் வேறு: எங்கள் புரோகிராமை இந்தப் பெண்மணி காப்பி அடித்து வைத்திருக்கிறார், எடுத்துவிடுங்கள் என்று. தளத்துக்காரர்கள் கோமதிக்கு எழுதினார்கள் — ஒழுங்கான பதில் வராவிட்டால் பக்கத்தையே நீக்கிவிடுவோம்.

இப்போது சொல்லுங்கள், கோபம் வருமா வராதா?

கம்பெனிக்கு போன் போட்டோம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் பேசினார். வெண்ணெய்க் குரல்.

"மேடம், உங்க லைசென்ஸ் ஃபைல்ல நீங்களே எழுதியிருக்கீங்க... 'இது ஊர்ப்பொது'ன்னு. பொதுன்னா ஓனர் இல்லாததுதானே? எங்க லீகல் டீம் அப்படித்தான் இங்கிலீஷ்ல டிரான்ஸ்லேட் பண்ணாங்க."

"அதுக்குக் கீழயே 'வேலி போடக் கூடாது'ன்னு எழுதியிருக்கேனே சார்?"

"அது ஒரு அட்வைஸ் மாதிரி இருக்கு மேடம்."

"எங்க ஊரு ஏரியும் ஊர்ப்பொதுதான். வந்து ஒரு முள்ளு நட்டுப் பாருங்க, ஓனர் யாருன்னு தெரியும்!"

அந்த ஆள் சிரித்தார். சிரித்துவிட்டு, 'மெயில்ல பேசிக்கலாம் மேடம்' என்று வைத்துவிட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

லைசென்ஸ் ஃபைல் என்றால்? இந்த மாதிரி லைப்ரரிகளில், இதை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று எழுதி வைப்பார்கள். உலகம் முழுக்க அதற்கென்று வக்கீல்கள் சேர்ந்து எழுதிய வாசகங்கள் இருக்கின்றன. நம் கோமதி அதையெல்லாம் விட்டுவிட்டு, களமருதூர்ப் பெண்ணாக, மூன்றே வரி எழுதினாள்: 'இது ஊர்ப்பொது. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். வேலி போடக் கூடாது.' எங்களுடையது களமருதூரில் நிலம் வைத்திருக்கும் குடும்பம். ஏரி, நெல் அடிக்கிற களம், மாடு நிற்கிற மந்தவெளி எல்லாம் ஊர்ப்பொது. எல்லோருக்கும் உரியது, யாரும் வளைத்துப் போட முடியாதது. எங்களுக்கு அந்த வார்த்தையில் சந்தேகமே கிடையாது. கம்பெனிக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

தெரிந்த வக்கீல் ஒருவர் வழி சொன்னார். ஓனர் இல்லை என்கிறானே, பதினோரு ஓனர் இருக்கிறீர்கள் என்று காட்டுங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு முறையான லைசென்ஸ் போடுங்கள். ஆனால் ஒன்று — எழுதின ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் நிற்காது.

எல்லோரும் சரி என்றார்கள். ஒருத்தி மட்டும் மாட்டேன் என்றாள். அன்பரசி.

அவள் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். கொரோனாவால் வீட்டிலிருந்தே வேலை என்றானதில் ஊருக்கு வந்துவிட்டாள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு ஊர், பெயர் வேண்டாம். 'இன்னா'வின் முதுகெலும்பே அவள் எழுதியதுதான் என்பாள் கோமதி. புது லைசென்ஸின் மேலேயும் 'இது ஊர்ப்பொது' என்ற தன் பழைய முதல் வரி இருக்க வேண்டும் என்பது கோமதியின் ஆசை. அதற்கு அன்பரசி அனுப்பிய பதில்: 'அந்த வார்த்தை இருக்கிற வரைக்கும் என் சம்மதம் கிடையாது.'

எனக்கு எரிச்சலாக வந்தது. வீடு பற்றி எரிகிறது, இவள் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே! நேரில் போய்ப் பேசலாம் என்று கோமதியும் நானும் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினோம்.

எலவனாசூர்கோட்டை வருவதற்கு முன்பே பஸ் நின்றுவிட்டது. மறியல். ஒதுக்கீட்டுப் போராட்டம் நடக்கிற நாட்கள்தானே இது. கொடிகள், கோஷம், ரோட்டின் குறுக்கே கட்டைகள்.

"இன்னா கண்டக்டரே, எப்ப வுடுவாங்க?" என்றார் முன் சீட்டுக்காரர்.

"ஒதுக்கீடு குடுத்ததும் வுடுவாங்க" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

பின் சீட்டில் இருந்த ஒருவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "சிரிங்க சிரிங்க. எல்லாருக்கும் பொதுவுல இருக்குதுன்றாங்க, நம்ம கைக்கு வந்துச்சா? அதான் தனியா பிரிச்சிக் குடுன்றாங்க. அதுல இன்னா தப்பு?"

"பொதுன்னா எல்லாருக்குந்தானே..." என்று கோமதி மாஸ்க்குக்குள்ளேயே முனகினாள். அந்த மனிதருக்குக் கேட்கவில்லை. வெயிலில் வெந்து, கடைசியில் ஒருவழியாக வழி விட்டார்கள்.

அன்பரசியின் வீடு காலனியில். அவளுடைய அம்மாவும் அப்பாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். எங்களைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வாங்கம்மா, வாங்க. கடையில கலர் வாங்கியாரச் சொல்றேன்" என்றார்.

"கலரெல்லாம் வேணாங்க. தண்ணி குடுங்க போதும்" என்றேன்.

அவர் அசையாமல் நின்றார். மகளைப் பார்த்தார். அன்பரசி, "குடிப்பாங்கம்மா, குடு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் முகம் சுட்டது.

கோமதி நேரே விஷயத்துக்கு வந்தாள். "அன்பு, நாள் இல்ல. நீ ஓகே சொல்லலன்னா 'இன்னா' போயிடும். அவன் ஆப்பு மட்டும்தான் இருக்கும். ஒரு வார்த்தைக்காக மொத்தமும் போவணுமா?"

"ஒரு வார்த்தைய வச்சிக்கினுதானக்கா அவனும் மொத்தத்தையும் தூக்கிக்கினு போனான்?"

அன்பரசி தண்ணீர்ச் செம்பை எங்கள் பக்கம் நகர்த்தினாள்.

"எங்க ஊர்லயும் ஏரி ஊர்ப்பொதுதான். களம் ஊர்ப்பொது, கோயிலு ஊர்ப்பொது. ஏரியில மீன் புடிச்சா பொதுவுல கூறு போடுவாங்க. ஊருக்கு மட்டும். நாங்க ஊரு இல்லக்கா, காலனி. எங்கப்பா ஒரு தபா போய்க் கேட்டாரு. 'இது ஊர்ப்பொது, உனுக்கு இன்னா இங்க வேல?'ன்னு அனுப்பிட்டாங்க. நான் அந்த வார்த்தைய எப்ப கேட்டிருந்தாலும் எங்கள வெளிய போன்னு சொல்றப்பதான் கேட்டிருக்கேன். அதுக்குக் கீழ என் பேரா?"

"நான் அந்த அர்த்தத்துல எழுதலடி..."

"தெரியும்க்கா. அதான் ரெண்டு வருஷம் முன்னாடியே இந்த வார்த்தை வேணாம், மாத்துங்கன்னு 'இன்னா' பக்கத்துலயே எழுதினேன். நீங்க இன்னா பண்ணீங்க? கட்டைவிரல் படம் போட்டு, 'அப்புறம் பாக்கலாம்'னு அந்தப் பேச்ச அங்கயே மூடிட்டீங்க."

கோமதி போனை எடுத்துத் தேடினாள். இருந்தது. மூடியதும் இவள்தான், கட்டைவிரலும் இவளுடையதுதான்.

கம்பெனிக்காரன்மேல் நான் மூட்டை கட்டி வைத்திருந்த கோபம் அப்படியே கோமதிமேல் திரும்பியது. ஊர் உலகத்துக்கெல்லாம் திறந்து வைத்திருக்கிறேன் என்கிறாய், கூடவே சேர்ந்து வேலை செய்கிறவள் சொன்னதைப் படிக்க உனக்கு நேரமில்லையா? அங்கேயே நன்றாகத் திட்டிவிட்டேன். அன்பரசிதான், "வுடுங்க மேடம்" என்று என்னைத் தடுத்தாள்.

உங்கள் ஊரில் எப்படி? ஊர்ப்பொது என்கிறீர்களே... அந்த ஊர் எந்தத் தெருவோடு முடிகிறது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோபம் வந்தால் எனக்குத் திட்டி எழுதுங்கள், பரவாயில்லை.

கோமதி அங்கேயே லேப்டாப்பைத் திறந்து அந்த வார்த்தையை அழித்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவள் சுபாவம் அப்படி. "நீயே எழுது" என்று லேப்டாப்பை அன்பரசி பக்கம் தள்ளினாள்.

உலக வழக்கத்தில் உள்ள லைசென்ஸ் ஒன்றைப் போட்டு, அதற்கு மேலே அன்பரசி தமிழில் எழுதினாள்: 'யாரும் எடுக்கலாம். மாற்றலாம். மாற்றியதையும் இதேபோல் திறந்து வைக்க வேண்டும். எழுதியவர்கள் பெயரை, அவர்கள் எழுதியபடியே, பார்க்கிறவர் கண்ணில் படும்படி காட்ட வேண்டும்.'

பதினோரு பேரும் பெயரும் ஊரும் கொடுத்தார்கள். 'கோமதி, களமருதூர்' என்று இவள் எழுதினாள். அன்பரசி, 'அன்பரசி, காலனி' என்று எழுதினாள்.

"ஊர் பேரு போடலியா?" என்று கேட்டேன்.

"ஊரு எங்களச் சேத்துக்கட்டும் மேடம். அப்புறம் நான் ஊரச் சேத்துக்கறேன்."

பதில் போயிற்று, பதினோரு பேர் சம்மதத்தோடு. தளத்துக்காரர்கள் கம்பெனியிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். புகார் தானாக வாபஸ் ஆனது. 'இன்னா' பிழைத்தது. இனிமேல் ஒன்று, கம்பெனி அதைத் தன் ஆப்பிலிருந்து பிடுங்கிப் போட வேண்டும். இல்லை, லைசென்ஸில் உள்ளபடி நடக்க வேண்டும். பிடுங்கினால் ஆப்பில் என்ன மிஞ்சும்? முத்திரைதான் மிஞ்சும்!

நேற்று அதே வெண்ணெய்க் குரல் கோமதியைக் கூப்பிட்டது. அவள் அன்பரசியையும் லைனில் சேர்த்துக்கொண்டாள். நான் பக்கத்தில்.

"மேடம், எல்லாத்துக்கும் ஓகே. பேர் எல்லாம் ஆப் திறந்ததுமே வர்ற மாதிரி போட்டுடறோம். ஒரே ஒரு சின்ன ரிக்வெஸ்ட். அந்த ஒரு பேர்ல மட்டும் 'காலனி'ன்னு இருக்கே... கஸ்டமர்ஸ் பாத்தா ஒரு மாதிரி இருக்கும். அதை மட்டும் எடுத்துடலாமா?"

கோமதி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். இது அவள் பேச வேண்டிய இடம் இல்லை.

"எடுக்கலாம் சார்" என்றாள் அன்பரசி. "மொதல்ல நான் எழுதினத உங்க ஆப்புலேர்ந்து எடுங்க. அப்புறம் காலனிய எடுங்க."

இந்தத் தடவை அந்த ஆள் சிரிக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். பதினோரு பெயரும் வருகிறது, அகர வரிசையில்.

அதனால் முதல் பெயரே, 'அன்பரசி, காலனி.'