என் உபகாரத்துக்குத் தப்பிய அட்டை

கனடாவில், ஸ்காபரோவில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் சனம் கிடைத்த காகிதத்தையெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி லாமினேற் செய்துவிடும். நான் அதில் சக்கரவர்த்தி.

ஒருநாள் ஒரு பெண், அந்தக்காலத்துச் சிகரெட் பெட்டிகளுக்குள் வந்த இரண்டு பேஸ்போல் அட்டைகளைத் தந்து, பின்பக்கத்தை மட்டும் கொப்பி எடுக்கச் சொன்னாள். இரண்டிலும் ஒரே ஆட்டக்காரனின் ஒரே படம். அவள் போன் பேச வெளியே போனதும், கேட்காத உபகாரமாக ஒன்றை லாமினேற் செய்தேன். மற்றதை மெஷினின் வாயில் வைக்கும்போது ஓடிவந்தாள்.

"ஐயோ அங்கிள், ஸ்டொப்!"

"ரெண்டும் ஒண்டுதானே பிள்ளை?"

"முகம்தான் ஒண்டு. திருப்பிப் பாருங்கோ."

திருப்பினேன். பின்னால் வெவ்வேறு சிகரெட் விளம்பரங்கள். பழைய அட்டை சேர்ப்பவர்களிடம் லாமினேற் செய்த அட்டைக்கு மதிப்பே இல்லையாம். நல்லவேளை, நான் லாமினேற் செய்ததைப் போன்றது பலரிடம் உண்டாம். என் கையிலிருந்ததைப் போல இன்னொன்றை அவள் இதுவரை கண்டதேயில்லையாம்.

நூறு வருடத்து மழைக்கும் நெருப்புக்கும் தப்பிவந்த அட்டை, எனக்குத் தப்பியது அரை அங்குலத்தில்!

"மன்னிச்சுக்கொள் பிள்ளை. மற்றதைப் பழுதாக்கிப் போட்டன்."

"பரவாயில்லை அங்கிள், உந்த அட்டையை நீங்களே வைச்சிருங்கோ" என்று சிரித்தாள்.

அது இப்போது என் கடை மேசையில், பின்பக்கம் தெரியும்படி நிற்கிறது. வருகிறவர்கள் முன்பின் மாற்றி வைத்துவிட்டேன் என்று திருப்பி வைக்கிறார்கள். நான் மறுபடியும் திருப்புகிறேன்.