இஸ்தானா படியில விட்ட கட்டைச் செருப்பு

பேய், பிசாசுன்னு எவனாச்சும் வாயத் தொறந்தா, "போடா, வேற வேலை இல்ல?"ன்னு வெரட்டுற ஆளு நான். சிரிக்காத தம்பி. நம்பினா நம்பு, நம்பாட்டி போ லா.

அது வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி காலம். காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்ட்காரங்களுக்குப் போயிருமேன்னு, ரப்பர் தோட்டத்து கேட்ட விட்டு ஒரு பிடி சோறு வெளிய போகக்கூடாது. எனக்குத் தெரியாதா? ஆனா பால் வெட்டப் போற மனுசனுக்குச் சோறு கட்டியே பழகின கை, அன்னிக்கும் கட்டிக் குடுத்துட்டேன். கேட்லயே எங்க வீட்டுக்காரரப் புடிச்சுட்டாங்க. டவுனு ஆபீஸுக்குக் கொண்டு போயிட்டாங்க, நாலு மணிக்கு அங்கிருந்து லோரியில ஏத்தி தடுப்புக் கேம்புக்கு அனுப்பிருவாங்களாம். என் புத்திய என்னன்னு சொல்ல!

தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி, "நல்ல ஆளு, அது அவரு சாப்பாடுதான்"னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தாரு. அத எடுத்துக்கிட்டு பஸ் ஏறி டவுனுக்கு ஓடுனேன். பழைய இஸ்தானாவுலதான் அப்ப வெள்ளைக்கார தொரையோட ஆபீஸு. ராஜா இருந்த வீடுல்ல, நடுவுல வானம் தெரியிற முற்றம், சுத்தி கட்டிப்பிடிக்க முடியாத மரத்தூணு, ஒரு ஆணி கெடையாது, எல்லாம் மர முளைதான். முன்பக்கப் படியில நின்ன காவக்காரன் "நாளைக்கு வா"ங்கிறான். மணி மூணே முக்கா. அழுதுக்கிட்டே முற்றத்துக்கு வந்தா, மூலையில செதுக்கு வேலை செஞ்ச ஒரு படி. ராஜா வீடாச்சேன்னு, கோயில்ல விடுற மாதிரி கட்டைச் செருப்பக் கீழ விட்டுட்டு ஏறினேன்.

பாதியில, பின்னால டக்... டக்...னு சத்தம். என் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? ஒத்தக் கால்ல மட்டும் மாட்டிக்கிட்டு ஏறுற மாதிரி. ஐயோ, லோரி போயிருமேன்னு திரும்பிப் பாக்காம ஓடினேன். மேல நேரா தொரை ரூம்பு. கடுதாசியப் படிச்சாரு, எங்க வீட்டுக்காரர விடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு, ஆளயும் அங்கயே கூட்டி வரச் சொல்லிட்டாரு.

அவரோட முன்பக்கமா எறங்கி, செருப்ப எடுக்க முற்றத்துக்குப் போனா, படி இல்ல தம்பி! வெறும் பலகைச் சுவரு. முற்றத்தக் கூட்டிக்கிட்டிருந்த மலாய்க்காரர், "அது ஜப்பான்காரன் காலத்துலயே வெறகாப் போச்சே"ங்கிறாரு. கீழ ஒரு செருப்புதான் கெடந்துச்சு. நிமிந்து பாத்தேன். ரெண்டாள் ஒசரத்துல, படி போய்ச் சேர்ற எடத்துல ஒரு வாசல். அந்த வாசப்படியில இருந்துச்சு இன்னொண்ணு.

கீழ கெடந்தத எடுத்துட்டு வந்துட்டேன். தூக்கிப் போடுன்னு சாகுற வரைக்கும் எங்க வீட்டுக்காரரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. எப்படிப் போடுறது? அவர மீட்டுக் குடுத்தது யாரோ, அவங்க ஜோடியக் கேட்டு வந்தா?

இந்தா, கையில வாங்கிப் பாரு. அன்னையிலேர்ந்து யாரும் கால்ல போட்டதில்ல. குதிங்கால் மட்டும் வருசா வருசம் தேஞ்சுக்கிட்டே வருது.