டாக்டருக்காக டை கட்டிய செட்ரிக்

இங்கிலாந்தில், பார்ன்ஸ்லி ஊரில், அந்தத் தெருவில் வீட்டுக் கஷ்டம் வாசல்படி தாண்டி வெளியே போகாது. யார் கேட்டாலும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கூட "ஒரு குறையும் இல்ல" என்றுதான் சொல்வார். லினெட் அந்தத் தெருவில் பிறந்தவள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அப்பா செட்ரிக்குக்கு நினைவு தப்ப ஆரம்பித்ததும் தன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அவரோடு வந்து தங்கினாள். வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் திரும்பி வந்தபோது அடுப்பில் காஸ் திறந்து கிடந்தது. அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து, செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றோடு வேலையை விட்டாள்.

செட்ரிக் தனியாக இருந்தவரை வீட்டு வரியில் அவருக்குக் கொஞ்சம் சலுகை இருந்தது. மகள் வந்து சேர்ந்ததும், இப்போது வீட்டில் இரண்டு பேர் என்று நகரசபை அதை நிறுத்திவிட்டது. பார்த்துக்கொள்ள வந்ததற்குத் தண்டனை மாதிரி. பராமரிப்பவளுக்கு அரசாங்கம் தரும் சொற்பத் தொகை வீட்டைச் சூடேற்றும் செலவுக்கே சரியாகப் போயிற்று. வரி பாக்கிக்கு எச்சரிக்கை வந்தபோது லினெட்டுக்கு ஒன்று புரிந்தது: இப்படியே போனால் அவள் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான், அப்பா முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டு ஐலீன்தான் கொல்லைச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"அடி மக்கு, உங்கப்பா மாதிரி ஆளுங்கள வரிக் கணக்குல சேக்கவே மாட்டாங்க. கூட இருந்து பாத்துக்கற பொண்ணயும் சேக்க மாட்டாங்க. பாதி வரி குறைஞ்சிரும். டாக்டர் கையெழுத்து போட்டுக் குடுத்தாப் போதும்."

"என்னன்னு போடணும்?"

"மனத்திறன் கடுமையாக் குன்றியவர்னு."

லினெட் வாயில் கவ்வியிருந்த துணிக் கிளிப்பை எடுத்தாள். "எங்கப்பாவையா?"

"இல்ல, எங்க வீட்டுப் பூனைய."

தொழிலாளர்கள் கூடிக் குடிக்கிற கிளப்பில் முப்பது வருஷம் செயலாளராக இருந்தவர் செட்ரிக். சனிக்கிழமை தோறும் வாசலில் நின்று, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, பெண்டாட்டி பிள்ளைகளை விசாரித்து அனுப்புவார். அவரைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை எழுதிவாங்குவதற்கு லினெட் இரண்டு வாரம் யோசித்தாள். அப்புறம் டாக்டரை வீட்டுக்கு வரச் சொன்னாள்.

டாக்டர் வருகிறார் என்றால் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். விருந்தாளிக்கு மட்டும் திறக்கும் முன்னறையைத் துடைத்தாள். அப்பாவைக் குளிப்பாட்டி, முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையும் டையும் மாட்டினாள். நல்ல கோப்பைகளை இறக்கி வைத்தாள். ஒரு காலை முழுவதும் ஆயிற்று. இடையில் அவர் அவள் கையைக் கடித்தார். கடிபட்ட இடத்தை நீளக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஆக்ராய்ட் ஊருக்குப் புதுசாக வந்த பெண்மணி. அவர் தலையைக் கண்டதுமே செட்ரிக் எழுந்துவிட்டார்.

"வாங்க வாங்க! வெளிய குளிரு ஆளையே கொல்லுது. கோட்டக் குடுங்கம்மா. என்ன குடிக்கறீங்க? இன்னிக்கு என் செலவு."

"வேலை நேரம் செட்ரிக், டீ போதும்" என்று டாக்டர் சிரித்தார். "இன்னிக்கு என்ன தேதின்னு சொல்லுங்க பாப்போம்?"

"தேதியெல்லாம் சம்பளம் வாங்கறவனுக்கு. நான் ரிட்டயர் ஆனவன்."

"இப்ப பிரதமர் யாரு?"

"எவனா இருந்தா என்ன? எல்லாம் ஒரே குட்டையில ஊறினவனுங்க."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். லினெட்டும் சிரித்தாள், அந்த நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. "குளிக்கறது, சாப்பிடறதெல்லாம் எப்படிம்மா?" என்று டாக்டர் கேட்டபோது, அப்பாவின் டையைப் பார்த்தபடி, "சமாளிச்சுக்கறோம்" என்றாள். "ராத்திரி தூக்கம்?" "பரவால்ல."

"இவ்வளவு நல்லாப் பேசறவருக்கு, கடுமையானதுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்றார் டாக்டர். "கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம் திரும்ப வந்து பாக்கறேன்."

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், நல்ல சோபா நனைந்திருந்தது. செட்ரிக் டையைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தார்.

ஐலீன் தலையில் அடித்துக்கொண்டாள். "மாப்பிள்ளை மாதிரி ஜோடிச்சு உக்கார வெச்சா எந்த டாக்டர் எழுதிக் குடுப்பா? முதுகு ஒடியற அன்னிக்கும் சமாளிச்சுக்கறோம், சமாளிச்சுக்கறோம். உன் கல்லறையில அதையே வெட்டி வைக்கறேன், இரு."

அடுத்த தடவை லினெட் எதையும் தொடவில்லை. முன்னறையைப் பூட்டிவிட்டாள். செட்ரிக் இரண்டு நாள் தாடியோடு, கஞ்சி வடிந்த பைஜாமாவில், சமையலறை நாற்காலியில் இருந்தார். அப்படியும் டாக்டரைக் கண்டதும், "வாங்க வாங்க, கோட்டக் குடுங்க" என்று எழுந்தார்.

வாய் திறக்காமல் இனி முடியாது. தனியாகப் பேசலாம் என்று டாக்டரைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போகப் பார்த்தாள். அப்பா அவள் கம்பளிச் சட்டையின் ஓரத்தைப் பிடித்தவர் விடவில்லை. அறைக்கு அறை அப்படித்தான் வருவார். கடைசியில், அவர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்.

"கரண்டிய எதுக்குன்னு தெரியாது டாக்டர், நான்தான் ஊட்டறேன். கக்கூஸ் எதுன்னு தெரியாது. அலமாரியில போயிடுவாரு, சில நாள் கையால எடுத்துச் சுவத்துல தடவிடுவாரு. குளிப்பாட்டப் போனா அடிப்பாரு, கடிப்பாரு." சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். "ராத்திரி பூரா வெளிக்கதவ இழுத்துக்கிட்டே இருப்பாரு, வீட்டுக்குப் போகணும்னு. நான் யாருன்னு கிறிஸ்மஸுக்கு அப்புறம் அவருக்குத் தெரியல."

செட்ரிக் தலையைச் சாய்த்து எல்லாவற்றையும் கேட்டார். கிளப்பில் யாருக்காவது சாவு விழுந்தால் கேட்பாரே, அந்த முகம்.

"ஐயோ பாவம்" என்றார். "யாரும்மா அந்த ஆளு?"

லினெட் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். டாக்டர்தான், "இங்க பக்கத்துல இருக்கறவருதான், செட்ரிக்" என்றார்.

"அவனுக்குன்னு யாரும் இல்லையா?"

"மக இருக்காங்க."

"அவ பாடு இன்னும் பாவம்" என்றார் செட்ரிக். "ஏதாச்சும் செஞ்சு குடுங்கம்மா அந்தப் பொண்ணுக்கு."

டாக்டர் சமையல் மேசையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது லினெட்டின் தோளில் ஒருமுறை கை வைத்தார். பாதி வரி குறைந்தது; அப்பா இந்த நிலைக்கு வந்ததாக டாக்டர் எழுதிய தேதியிலிருந்து கணக்குப் போட்டு பாக்கியும் தீர்ந்தது. அப்பா வீட்டிலேயே இருக்கலாம். அதெல்லாம் இரண்டு மாதம் கழித்து. டாக்டர் போன அந்த மத்தியானம் லினெட் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, ஏப்ரனை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். தான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

செட்ரிக் வந்து அவள் எதிரே நின்றார். முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு கொஞ்சம் குனிந்தார்.

"பஸ்ஸ விட்டுட்டியாம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா" என்றாள்.

"அழாத. இன்னொண்ணு வரும்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "வர்ற வரைக்கும் நான் கூட இருக்கேன்."